இந்தக் கவுன்சிலர் வேறு

கவுன்சிலர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வார்டும் தெருவிளக்கும் அடைத்துக்கொண்ட சாக்கடையும்தான். டெக்சாஸில் பிறந்து வளர்ந்த என் அண்ணன் மகள், கல்லூரி முதலாண்டு முடிந்த கையோடு போன் செய்து, "அத்தை, நான் கவுன்சிலர் ஆயிட்டேன்" என்று சொன்னபோது, பாளையங்கோட்டையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அவள் சொன்னது கிறிஸ்தவக் கோடை முகாம் ஒன்றில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மறுநாள் அண்ணன் கூப்பிட்டான். "கூடப் படிக்கிறதுங்க எல்லாம் கம்பெனியில இன்டர்ன்ஷிப் போகுது. இவ காட்டுக்குள்ள போய் யாரோ பெத்த பிள்ளைகளுக்குத் தலை சீவி விடப் போறாளாம். சம்பளத்தைக் கேட்டா சிரிப்புதான் வருது, பிள்ள."

வெளிநாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடந்திருக்கும். இருபது வருடமாகச் சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) நடத்தும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதனால் அவள் போன வேலை எனக்கு முழுக்க அந்நியமில்லை. அந்தக் கோடையில் அவளுக்கு வாரம் ஒருநாள் விடுப்பு. அன்று போனில் பேசுவாள். அவள் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் பள்ளி விடுமுறை ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருகிறது. முகாம்களும் அப்போதுதான். பிள்ளைகள் ஒரு வாரமோ இரண்டு வாரமோ வந்து தங்குவார்கள். ஒரு கூட்டம் கிளம்பியதும் அடுத்தது வரும். தங்குமிடம் மரத்தால் கட்டிய சிறு குடில், கேபின் என்பார்கள். அதே குடிலில் பிள்ளைகளோடு படுத்து எழுபவர்தான் கவுன்சிலர். பெரும்பாலும் 18 முதல் 22 வயதுக்குள் இருக்கும் கல்லூரி மாணவர்கள். அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் என்ற அமைப்பு, இரவு தங்கும் முகாம்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 6 முதல் 8 வயது என்றால் 6 பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வயது என்றால் 8 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 10 பேருக்கு ஒருவர்.

காலையில் எழுப்புவது, குடிலைக் கூட்டுவது, பல் தேய்த்தாயிற்றா என்று பார்ப்பது, சாப்பாட்டு மேசையில் யார் சாப்பிடாமல் தட்டை அளைகிறார்கள் என்று கவனிப்பது, வேதபாடம், நீச்சல், அம்பெய்தல், படகு. நீச்சலில் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். நடுநடுவே விசில் ஊதினால் ஒவ்வொரு ஜோடியும் கை கோத்துத் தூக்கிக் காட்ட வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் மறுபடி தண்ணீர். மதியம் ஒரு மணி நேரம் படுக்கையில் ஓய்வு. இரவில் நெருப்பைச் சுற்றிப் பாட்டும் சாட்சியும். பிறகு குடிலுக்குத் திரும்பி டார்ச் வெளிச்சத்தில் ஒரு சிறு தியானம். விளக்கை அணைத்த பிறகு அழும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் வேலைதான். கழிப்பறை கழுவுவதும் உண்டு. எனவே சாக்கடை விஷயத்தில் இரண்டு கவுன்சிலர்களுக்கும் ஒற்றுமை இருக்கிறது.

சம்பளம் ஏன் அவ்வளவு குறைவு? அண்ணன் நினைத்ததுபோல ஏமாற்று வேலை இல்லை. ஆண்டில் 7 மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு இடங்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விலக்கு தருகிறது. பல முகாம்கள் அந்த விலக்குக்குள் வந்துவிடுகின்றன. மணிக்கணக்குக் கூலிக்குப் பதிலாக வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. சாப்பாடும் இடமும் இலவசம். தூங்கும் நேரமும் பொறுப்பில் கழியும் வேலையை மணிக்கணக்கில் அளந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். பணத்துக்காகப் போகிற வேலை இல்லை என்பதை வீட்டார் முதலிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. பிள்ளைக்கு அடுத்த பருவக் கட்டணம் இந்தச் சம்பளத்தில்தான் கட்ட வேண்டுமென்றால் வேறு வேலை பார்க்கச் சொல்வதில் தப்பில்லை.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? 1861-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களைச் சுமார் 40 மைல் நடத்திக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் போட்டார். கோடை முகாம்களின் வரலாற்றை அங்கே தொடங்குவார்கள். 1880-இல் ஜார்ஜ் ஹிங்க்லி என்ற போதகர் தம் சபைப் பையன்கள் ஏழு பேரை ரோட் ஐலண்டில் ஒரு தீவுக்குக் கூட்டிப்போனார். சபை நடத்திய முதல் முகாம் என்று அதைச் சொல்வதுண்டு. 1885-இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் சம்னர் டட்லி தொடங்கிய முகாம் அவர் பெயரிலேயே இன்றும் நடக்கிறது. இப்படித் தொடங்கியவர்கள் பலருக்கும் ஒரு கவலை இருந்தது: நகரத்துப் பிள்ளைகள் மண்ணையும் மரத்தையும் பார்க்காமல் வளர்கிறார்களே. பக்தி அந்தக் கவலையோடு சேர்ந்தே வந்தது.

நம்முடைய விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் வேர் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. 1898-இல் நியூயார்க் நகரத்தில் எலிசா ஹாஸ் என்ற அம்மா, தெருவில் சுற்றிய பிள்ளைகளைக் கோடையில் கூட்டி வைத்து வேதம் சொல்லிக்கொடுக்க இடம் தேடினார். வாடகைக்குக் கிடைத்தது ஒரு பீர்க் கடையின் கூடம். ஆண்டுப் பரீட்சை முடிந்த மறுவாரமே ஆக்‌ஷன் பாட்டும் வண்ணத்தாளுமாக நம் ஆலய வளாகங்கள் இரைச்சலாகிவிடுகின்றனவே, அதன் பூட்டி வீடு அந்தக் கூடம். எங்கள் சபையில் இதைச் சொன்னால் சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கோ சொல்லச் சொல்லச் சந்தோஷம்.

இனி விசுவாசத்துக்கு வருவோம். கவுன்சிலராகப் போகும் இளைஞர்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள்: கோடை முழுக்க வேதமும் பாட்டும் ஜெபமும், சுற்றிலும் விசுவாசிகள், செல்போன் கிடையாது, நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் ஆண்டவர் பேசுவார், திரும்பி வரும்போது வேறு ஆளாக வருவேன். முகாம்களின் விளம்பரப் படங்களும் அதையே காட்டுகின்றன. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் என் அண்ணன் மகளிடம் கோடை முடிந்த பிறகு "எது உன்னை மாற்றுச்சு?" என்று கேட்டபோது அவள் நெருப்பைச் சொல்லவில்லை. படுக்கை விரிப்பைச் சொன்னாள்.

இரண்டாம் வாரத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இரவில் படுக்கையை நனைத்துவிட்டாள். மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அந்த வாரம் முழுக்கக் கேலிதான். இவள் எல்லாரையும் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் அனுப்பிவிட்டு, விரிப்பை உருவிச் சலவைக்குக் கொடுத்து, அதே நிறத்தில் வேறு விரிப்புத் தேடிப் போட்டு, ஒன்றும் நடக்காததுபோல மேசைக்கு ஓடியிருக்கிறாள். ஐந்து நாளும் இதே கதை. "யாருக்கும் தெரியாது அத்தை. அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் மட்டும்தான். சர்ச்சுல கால் கழுவுறதப் பத்தி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கேன். எனக்கு அது ஏறினது அந்த வாரம்தான்." இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய அந்தப் பகுதியைப் பெரிய வியாழனுக்கு ஒவ்வொரு வருடமும் கேட்டு வளர்ந்தவள் அவள்.

முகாமில் விசுவாசம் வளருமென்றால் இப்படித்தான் வளர்கிறது என்று நினைக்கிறேன். நாம் இதுவரை வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை, தூக்கமில்லாத ஆறாம் நாளில் எட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் செய்ய வேண்டி வருகிறது. கையிருப்பு எவ்வளவு என்று அப்போது தெரிந்துவிடும்.

கேள்விகள் அடுத்த சோதனை. ஞாயிறு பள்ளியில் நாம் கேட்போம், பிள்ளைகள் பதில் சொல்வார்கள். பெரும்பாலும் "இயேசு" என்று சொன்னால் பாதி கேள்விக்குச் சரியாகிவிடும். இரவில் விளக்கணைத்த பிறகு பிள்ளைகள் கேட்பது வேறு. செத்துப்போன நாய் பரலோகத்தில் இருக்குமா? எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் கிறிஸ்தவர் இல்லை, ஆனால் ரொம்ப நல்லவர், அவர் எங்கே போவார்? ஒரு சிறுமி கேட்டாளாம்: "அப்பாவும் அம்மாவும் பிரியக் கூடாதுன்னு தினமும் ஜெபம் பண்ணினேன். பிரிஞ்சுட்டாங்க. நான் சரியா ஜெபம் பண்ணலையா?"

அண்ணன் மகள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ சரியா ஜெபம் பண்ணாததால இல்லை" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அடுத்த விடுப்பு நாளில் என்னிடம், "அது நிச்சயம்னு எனக்கு எப்படித் தெரியும் அத்தை? நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லிட்டேனா?" என்றாள். நான் சங்கீதங்களைப் படிக்கச் சொன்னேன். துதிப் பாட்டுகள் என்று நாம் நினைக்கும் அந்தப் புத்தகத்தில் முறையீடுகள்தான் எத்தனை! 88-ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு திருப்பம்கூட இல்லாமல் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. கேட்டது கிடைக்காதவன் பாடிய பாட்டையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புதிது. பத்தொன்பது வயதில் தானாக எழும்பாத கேள்வியை எட்டு வயதுப் பிள்ளை எழுப்பிவிட்டது. பதில் தெரியாத இடத்தில் "தெரியவில்லை" என்று சொல்லப் பழகுவது நல்ல முகாம்களில் பயிற்சி வாரத்திலேயே கற்றுத்தரும் பாடம்.

கவுன்சிலருக்கென்று காலையில் தனி ஜெபநேரம் வைத்திருக்கும் முகாம்கள் உண்டு. முதல் வாரம் எல்லாரும் வேதாகமமும் காபியுமாகக் குளக்கரையில் உட்கார்ந்திருப்பார்களாம். மூன்றாம் வாரம் அந்த நேரத்தில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். அதை நினைத்துக் குற்ற உணர்வு வேறு. பிள்ளைகளுக்குத் தியானம் நடத்துவதற்காக வேதத்தைப் புரட்டுவது மட்டுமே மிஞ்சும். தனக்காகப் படிப்பது நின்றுவிடும். ஊழியக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வறட்சி இது. எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாகட்டும் என்று கேட்ட கதையில் தேவதூதன் முதலில் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும், அதுவும் இரண்டு தடவை, நடுவில் தூக்கம். உபதேசம் அப்புறம்தான். மூன்றாம் வாரத்துக் கவுன்சிலருக்கு நானும் தூங்கு என்றுதான் சொன்னேன்.

நெருப்பைச் சுற்றி உட்காரும் கடைசி இரவைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டு, இருட்டு, களைப்பு, நாளைக்குப் பிரிகிறோம் என்ற துக்கம்; அந்த நேரத்தில் "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்றால் பத்து வயதுப் பிள்ளை தூக்கத்தான் செய்யும். எங்கள் விடுமுறைப் பள்ளியில் நிறைவு நாளன்று நாற்பது பேரும் தூக்குவார்கள். போன வருடம் தூக்கிய அதே நாற்பது பேர். எண்ணிக்கையை அறிக்கையில் எழுதும்போது எனக்குக் கை கூசும். பிள்ளை மனதில் உண்மையாக ஒன்றும் நடப்பதில்லை என்று சொல்லவில்லை. நானே அப்படி ஒரு முகாமில் தொடப்பட்டவள்தான். கூட்டத்தின் கண்ணீரைக் கொண்டு கணக்குப் போடாமல், மறுநாள் காலை பகல் வெளிச்சத்தில் அந்தப் பிள்ளையோடு நடந்துகொண்டே பேசும் கவுன்சிலர்தான் எனக்குப் பிடித்தவர்.

முகாமில் தொடங்கி வெகுதூரம் போன ஒருவர் ஜான் ஸ்டாட். இவருடைய புத்தகங்கள் நம் மாணவர் ஐக்கியங்களிலும் கைமாறுபவை. 1938-இல் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் படிக்கும்போது எரிக் நாஷ் என்ற போதகர் மூலம் விசுவாசத்துக்கு வந்தார். நாஷ் பள்ளி மாணவர்களுக்கு விடுமுறை முகாம்கள் நடத்தியவர். ஸ்டாட் அந்த முகாம்களில் நிர்வாகப் பொறுப்பேற்று வருடக்கணக்கில் உழைத்தார். முகாமைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நாஷ் அவருக்கு ஐந்து வருடம் வாரம் தவறாமல் கடிதம் எழுதினார் என்பது. முகாம் சில நாள். கடிதம் ஐந்து வருடம்.

அதே முகாம்களுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அவற்றுக்குப் பின்னால் இருந்த அறக்கட்டளையின் தலைவராக இருந்த ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர், முகாம் தொடர்பில் பழகிய பையன்களைப் பக்தியின் பெயரால் கொடூரமாக அடித்து வதைத்தார். பிறகு ஜிம்பாப்வேயில் முகாம்கள் நடத்தி அங்கேயும் அதையே செய்தார். பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். விஷயம் பலருக்குத் தெரிந்தும் மூடி மறைக்கப்பட்டது. 2024 நவம்பரில் இது பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்ததும் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். "இவர் எவ்வளவு பக்தியானவர் தெரியுமா" என்ற ஒரு வரி எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறது!

ஆகவே முகாம்களின் பாதுகாப்பு விதிகளைப் பக்திக்கு வெளியே உள்ள சர்க்கார் தொந்தரவாகப் பார்க்கக் கூடாது. பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு மறைவில் தனியாக இருக்கக் கூடாது. வேலைக்கு எடுக்குமுன் ஆளின் பின்னணி விசாரிக்கப்பட வேண்டும். பிள்ளை எதையாவது சொன்னால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று கவுன்சிலர் வாக்குக் கொடுக்கக் கூடாது. மேலே சொல்லியாக வேண்டும். இது நமக்கும் பொருந்தும். 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது தண்டனைக்குரியது. சபை மானம் போகுமே என்று போதகரும் கமிட்டியும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள அந்தச் சட்டத்தில் இடமில்லை.

ஆபத்து மனிதரால் மட்டும் வருவதில்லை. 2025 ஜூலை 4 விடியற்காலையில் டெக்சாஸின் குவாடலூப் ஆறு பெருக்கெடுத்து, கரையோரம் இருந்த கேம்ப் மிஸ்டிக் என்ற கிறிஸ்தவப் பெண்கள் முகாமுக்குள் புகுந்தது. சிறுமிகளும் கவுன்சிலர்களுமாக 27 பேர் இறந்தார்கள். அந்தக் கவுன்சிலர்களும் கல்லூரி வயதுப் பெண்கள்தான். இருட்டில், மின்சாரம் இல்லாமல், சிறுமிகளை மேட்டுக்கு ஏற்றிக் காப்பாற்றியவர்களும் அதே வயதுக்காரர்கள். அதன்பின் வெள்ளம் பாயும் நிலத்தில் குடில்கள் இருக்கக் கூடாது, ஆபத்துக்காலத் திட்டம் இருக்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் கொண்டுவந்தது. பிள்ளையை அனுப்பும் பெற்றோரும், கவுன்சிலராகப் போகிறவரும் இனி ஆறு எங்கே, மேடு எங்கே, ராத்திரியில் எச்சரிக்கை எப்படி வரும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று பதில் வந்தால் அங்கே போக வேண்டாம்.

யார் போகலாம்? பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கத் தெரிந்தவர், தூக்கம் கெட்டாலும் எரிந்து விழாதவர். விசுவாசத்தில் சந்தேகங்கள் இருப்பது தடையே இல்லை. ஆனால் மனம் நொறுங்கிக் கிடக்கும் ஒருவர், அங்கே போனால் சரியாகிவிடும் என்று கவுன்சிலராகப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். எட்டுப் பிள்ளைகளும் அவரிடம்தான் சாய வருவார்கள். அவர் யாரிடம் சாய்வார்? அப்படிப்பட்டவருக்குச் சமையலறை வேலை நல்லது. யங் லைஃப் என்ற அமைப்பின் முகாம்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சம்பளம் இல்லாமல் வந்து பரிமாறுவதும் தட்டுக் கழுவுவதுமாகச் சில வாரம் இருந்துவிட்டுப் போகிறார்கள். தட்டுக் கழுவும்போது யாரும் உங்களிடம் நாயின் ஆத்துமாவைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போக விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்காவின் ஜே-1 விசாவில் முகாம் கவுன்சிலர் என்றே ஒரு பிரிவு உண்டு. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். அதிகபட்சம் 4 மாதம். அமெரிக்க அரசு அங்கீகரித்த அமைப்பு வழியாகத்தான் போக முடியும். "ஊழியத்துக்கு அனுப்புகிறேன், அங்கேயே செட்டில் ஆகிவிடலாம்" என்று யாராவது பணம் கேட்டால் அவர் ஊழியக்காரரும் இல்லை, அது இந்த விசாவும் இல்லை.

ஆகஸ்ட் நடுவில் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாள் தூங்கினாள். அண்ணி அவள் பெட்டியைத் திறந்தபோது ஈரத் துண்டும் மணலும் பிள்ளைகள் கோத்துக் கொடுத்த நூல் காப்புகளும் இருந்தனவாம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாளே தவிரப் பாட வாய் வரவில்லை. அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தாள்.

"அங்க எல்லாம் அவ்வளவு நிஜமா இருந்துச்சு. இங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. நீங்க வி.பி.எஸ். முடிஞ்சா என்ன பண்ணுவீங்க அத்தை?"

"மறுநாள் காலையில போய் பெஞ்சை எல்லாம் ஆலயத்துக்குள்ள பழையபடி இழுத்துப் போடுவோம். யாரும் வர மாட்டாங்க. நானும் ஆலயத்தைப் பார்த்துக்கிற செக்ஸ்டனும் மட்டும்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒட்டிக் கிடக்கிற பபிள்கம்மைச் சுரண்டுவோம்" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.